திரைமறைப்பு ஆரத்தைக் கூட்டினால் கட்டப் பெயர்ச்சி நகர்ந்துகொண்டே போகிறது: புரோட்டான்–டியூட்ரான் சிதறல்

நெய்தல் (கேள்வி)

வணக்கம். ஆய்வகச் சட்டத்தில் 10 எம்இவி ஆற்றலுள்ள புரோட்டான் டியூட்ரான்மேல் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் பிணைந்த கரு) மோதும் சிதறலுக்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உந்தவெளி, மூன்றுதுகள் சிதறலுக்கான ஆல்ட்–கிராஸ்பெர்கர்–சாண்டாஸ் சமன்பாடுகள், பகுதி அலைப் பிரிப்பு (கோண உந்தவாரியாகப் பிரிப்பது). கூலூம் விசை இல்லாமல் நியூட்ரான்–டியூட்ரானுக்கு ஓட்டினால் ஒப்பிடத்தக்க எண்கள் வருகின்றன. இரு புரோட்டான்களுக்கிடையே கூலூம் விசையைச் சேர்த்ததும் சிக்கல்.

கூலூம் நிலையாற்றலை, தொலைவை ஆரத்தால் வகுத்து நான்காம் அடுக்கேற்றி, அதை எதிர்க்குறியோடு வைத்த அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கித் திரையிடுகிறேன். திரை ஆரம் 10, 20, 40 ஃபெர்மி. கோண உந்தம் 0, 1, 2 மூன்றிலும், ஆரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டப் பெயர்ச்சியின் (சிதறலால் அலையின் கட்டம் நகரும் அளவின்) மெய்ப்பகுதி சுமார் 2 டிகிரி இறங்குகிறது. நிற்கவே இல்லை. கோண உந்தம் 8இல் மட்டும் 10க்கும் 20க்கும் இடையே வேறு மாதிரி மாறுகிறது. நான்காம் அடுக்குக்குப் பதில் யுகாவா வடிவம் (முதல் அடுக்கு) வைத்தால் எல்லாம் சுமார் 1.2 டிகிரி மேலே போய், பிறகு அதே வேகத்தில் இறங்குகிறது. வலைப்புள்ளிகளை இரட்டிப்பாக்கியும் இது மாறவில்லை.

1. இது எண்முறைப் பிழையா?
2. எந்த ஆரத்தோடு நிறுத்துவது?
3. இதே முறையை எலக்ட்ரான்–ஹைட்ரஜன் அயனியாக்கத்துக்குக் கொண்டுபோகலாமா?

---

பகுதிஅலை

பிழை இல்லை. 2 டிகிரி சரியாக வருவதே நிரல் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

கூலூம் விசை எவ்வளவு தொலைவிலும் முற்றாக ஓய்வதில்லை. அதனால் வெளியேறும் அலை எப்போதும் தனித்துகள் அலையாக மாறுவதே கிடையாது. அதன் கட்டத்தில் தொலைவின் மடக்கை ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே வழக்கமான சிதறல் கோட்பாட்டின் எல்லை இங்கே இல்லை. ஜான் டொலார்ட் 1964இல் அலைச் செயலிகளைத் திருத்தி அமைத்தது இதற்காகத்தான். நீங்கள் திரையிட்டதும் எல்லை மீண்டும் கிடைக்கிறது, ஆனால் அந்த மடக்கை திரை ஆரத்தின் மடக்கையாக வேடம் மாறி உங்கள் விடைக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட நிறை 625.4 எம்இவி, நிறைமையச் சட்ட ஆற்றல் 6.67 எம்இவி, அலையெண் ஃபெர்மிக்கு 0.463. கூலூம் விசையின் வலிமையைச் சொல்லும் சோமர்ஃபெல்ட் எண் 0.0500. இதைச் சரிபார்க்கச் சுருக்கமான வழி: நுண்கட்டமைப்பு மாறிலியைச் சார்பு வேகத்தால் (ஒளிவேக அலகில்) வகுப்பது. 10 எம்இவி புரோட்டானின் வேகம் 0.146, எனவே 0.0073 ÷ 0.146. ஆய்வக ஆற்றலையும் ஒடுக்கப்பட்ட நிறையையும் கலந்து போட்டால் 0.041 வரும், அடிக்கடி நடக்கிற குழப்பம் இது, பிறகு வரும் எல்லாவற்றையும் கெடுக்கும்.

திரையிட்ட கட்டம், உண்மையான கூலூம் கட்டத்திலிருந்து விலகும் அளவு:

திரிபு = சோமர்ஃபெல்ட் எண் × [இயல் மடக்கை(2 × அலையெண் × திரை ஆரம்) − 0.5772 ÷ அடுக்கு]

அடுக்கு என்பது உங்கள் திரைச் சார்பின் 4. 0.5772 என்பது ஆய்லர் மாறிலி. ஆரம் 20 ஃபெர்மியில் திரிபு 0.139 ரேடியன், அதாவது 7.9 டிகிரி. ஆரத்தை இரட்டித்தால் கூடுவது 0.05 × 0.693 ரேடியன் = 1.99 டிகிரி. உங்கள் 2 டிகிரி அதுதான். யுகாவாவுக்கு அடுக்கு 1. நான்காம் அடுக்கோடு வித்தியாசம் 0.05 × 0.5772 × 0.75 ரேடியன் = 1.24 டிகிரி. அதுவும் பொருந்துகிறது.

கோண உந்தம் 8க்கு ஏன் பொருந்தவில்லை? மேலே உள்ள வாய்பாடு, கோண உந்தம் அலையெண் × ஆரம் என்ற பெருக்கத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்போதுதான் செல்லும். 10 ஃபெர்மியில் அந்தப் பெருக்கம் 4.6. கோண உந்தம் 8 உள்ள அலை, திரைக்கு உள்ளே நுழையவே இல்லை. அது பார்ப்பது வாலை மட்டும்.

ஆக, 2ஆம் கேள்விக்கு விடை: ஆரத்தைக் கூட்டி நிற்கவைக்க முடியாது. திரிபைக் கையால் நீக்குங்கள். நீக்கியபின் எஞ்சுவது ஆரத்தோடு மாறுவது நின்ற இடத்தில் நீங்களும் நிற்கலாம். இந்த ஆற்றலில் 20 ஃபெர்மி சுற்றிலேயே அது நடக்கும்.

---

உந்தவெளி

மேலே சொன்னது முழுக்கச் சரி. செய்முறையில் எங்கே இடறும் என்பதைச் சேர்க்கிறேன்.

முதலில் அணுக்கரு விசையை முழுதாக அணைத்துவிட்டு, புரோட்டானுக்கும் டியூட்ரானின் நிறைமையத்துக்கும் இடையே திரையிட்ட கூலூம் மட்டும் வைத்து இருதுகள் லிப்மன்–ஷ்விங்கர் சமன்பாட்டைத் தீர்க்கவும். கிடைத்த கட்டத்தோடு திரிபைக் கூட்டினால் தூய கூலூம் கட்டம் வர வேண்டும். உங்கள் ஆற்றலில் இலக்கு: கோண உந்தம் 0க்கு −1.65 டிகிரி, 1க்கு +1.21, 2க்கு +2.64. கோண உந்தம் 0க்கான கூலூம் கட்டத்தை, பைத்தான் நூலகமான சைபையின் லாக்காமா சார்பின் கற்பனைப் பகுதியாக எடுக்கலாம். அடுத்தடுத்த கோண உந்தங்களுக்கு சோமர்ஃபெல்ட் எண் ÷ அடுத்த கோண உந்தம் என்பதன் தலைகீழ் டேஞ்சன்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். இந்தச் சோதனை தேறாமல் மூன்றுதுகள் கணக்குக்குள் போகாதீர்கள்.

தேறவில்லை என்றால் நகர்வின் வேகமே காரணத்தைச் சொல்லிவிடும். எஸ் அணியில் (உள்வரும் அலையை வெளியேறும் அலையோடு இணைப்பது) திருத்தக் காரணி திரிபின் இருமடங்கை நேர்க்குறியோடு ஏற்ற வேண்டும். குறி தலைகீழானால் கட்டம் இரட்டிப்புக்கு 4 டிகிரி ஓடும். உள்வரும், வெளியேறும் பக்கங்கள் இரண்டுக்கும் தலா ஒரு வர்க்கமூலக் காரணி உண்டு. ஒன்றை மறந்தால் 1 டிகிரி ஓடும்.

வலைப்புள்ளிகள்: திரையிட்ட கூலூமின் பகுதி அலை, இரு உந்தங்களும் சமமாகும் இடத்தில் கூர்மையாக எழும். அந்தக் கூரின் அகலம் திரை ஆரத்தின் தலைகீழ்: 20 ஃபெர்மிக்கு 0.05, 40க்கு 0.025. ஆன்-ஷெல் உந்தத்தை (மோதும் ஆற்றலுக்கு உரிய உந்தம்) சுற்றிப் புள்ளி இடைவெளி இதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். மொத்தப் புள்ளிகளை இரட்டிப்பாக்குவது வீண் வேலை. எல்லையை ஆன்-ஷெல் புள்ளியில் வெட்டி, இருபுறமும் தனித்தனி காஸ் புள்ளிகளை நெருக்கமாக இடுங்கள். நிலையாற்றலை உந்தவெளிக்கு மாற்றும் ஆரத் தொகையிடலை ஆரத்தின் 2.2 மடங்கில் நிறுத்தலாம். அங்கே நான்காம் அடுக்குத் திரை நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

ஏன் அடுக்கு 4? திரை ஆரத்தின் பாதித் தொலைவில் யுகாவா வடிவம் கூலூமில் 61 விழுக்காட்டை மட்டும் விட்டுவைக்கிறது, நான்காம் அடுக்கு 94 விழுக்காட்டை. ஆரத்தின் இருமடங்கில் யுகாவாவில் இன்னும் 13.5 விழுக்காடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான்காம் அடுக்கில் கோடியில் ஒரு பங்கு. உள்ளே உண்மையான கூலூம், வெளியே சட்டென்று ஓய்வு, இரண்டும் வேண்டும். அதற்காக முழு வெட்டு வைத்தால் உந்தவெளியில் அலைவுகள் கிளம்பி வேறு விதமாகத் தொல்லை தரும்.

இனி மூன்று துகள்கள். வரிசை இப்படி:

முழு விசையோடு (அணுக்கரு விசை, திரையிட்ட புரோட்டான்–புரோட்டான் கூலூம்) மூன்றுதுகள் டி அணியை (சிதறல் வீச்சைத் தருவது) தீர்க்கவும். அதிலிருந்து புரோட்டான்–டியூட்ரான் நிறைமையத் திரைக்கூலூமின் டி அணியைக் கழிக்கவும். எஞ்சுவது குறுந்தொலைவு உறுப்பு. இதை மட்டும் இருபக்கத் திருத்தக் காரணிகளால் பெருக்கவும். கடைசியில் தூய கூலூம் வீச்சை அதன் மூடிய வடிவத்தில் கூட்டவும்.

கழிப்பதற்கு முன்பே பெருக்கிவிட்டு எல்லாவற்றையும் பகுதி அலைகளாகக் கூட்டினால் முன்திசைக் கோணங்களில் விடை தாறுமாறாக அலையும். திரையிட்ட கூலூம் வீச்சு, முடிவிலி ஆரத்தில், அலைப்பொதியோடு தொகையிட்ட பிறகுதான் ரதர்ஃபோர்டு வீச்சை அடையும்; ஒவ்வொரு கோணத்திலும் தனியாக அடையாது. ஜான் டெய்லர் 1974இல் காட்டியது இதைத்தான். ஆல்ட், சாண்டாஸ், ஸீகல்மன் 1978இல் மூன்று துகள்களுக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் அடுக்கு வகைத் திரையோடு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2005 வாக்கில் டெல்டுவா, ஃபொன்சேக்கா, சாவர்.

இன்னொன்று: புரோட்டான்–புரோட்டான் இணையில் அணுக்கரு விசைக்குப் போதுமான பகுதி அலைகள் திரைக்கூலூமுக்குப் போதாது. கூலூமுக்கு எல்லையைத் தனியாக உயர்த்துங்கள். ஆரத்தைக் கூட்டும்போது இந்த எல்லையையும் கூடவே கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'நிலைத்துவிட்டது' என்று தோன்றும், நிலைத்திருக்காது.

---

நெய்தல்

நன்றி. இருதுகள் சோதனையில் −1.65, 1.21, 2.64 மூன்றும் வருகின்றன. திருத்தியபின் மீள் சிதறலும் (டியூட்ரான் உடையாத வழி) 20 ஃபெர்மியில் நிலைக்கிறது. டியூட்ரான் உடையும் வழியில் மட்டும், இரு புரோட்டான்களும் ஏறக்குறைய ஒன்றாகப் பறக்கும் இடங்களில் மறுபடி நிலைக்கவில்லை. அதோடு 3ஆம் கேள்வியும் நிற்கிறது.

---

பழையஃபோர்ட்ரான்

உடைவில் இறுதி நிலை புரோட்டான், புரோட்டான், நியூட்ரான். மின்னூட்டமுள்ள இணை ஒன்றே என்பதால் முறை செல்லும். ஆனால் வெளியேறும் பக்கத் திருத்தக் காரணியில் போடவேண்டியது இரு புரோட்டான்களின் சார்பு உந்தம், புரோட்டான்–டியூட்ரான் உந்தம் அல்ல. முதலில் அதைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தாலும் நீங்கள் சொல்லும் இடம் இயல்பாகவே கடினமானது. சார்பு ஆற்றல் 0.1 எம்இவி என்று வைத்தால் சோமர்ஃபெல்ட் எண் 0.35, அலையெண் ஃபெர்மிக்கு 0.049. 20 ஃபெர்மித் திரையில் அலையெண் × ஆரம் = 1. வாய்பாட்டின் அடிப்படையே அங்கே இல்லை. ஆரத்தை ஏற்றலாம், ஏற்றினால் பகுதி அலைகளும் புள்ளிகளும் சேர்ந்து ஏறும். அந்தக் கோணச் சாளரத்தை மட்டும் தனியாகப் பெரிய ஆரத்தில் ஓட்டுவது செலவைக் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் திரைதான் என்ற பிடிவாதம் தேவையில்லை என்பது என் கருத்து. டியூட்ரானின் பிணைப்பு ஆற்றல் 2.2246 எம்இவி, எனவே ஆய்வகத்தில் 3.34 எம்இவிக்குக் கீழே உடைவு வழி மூடியிருக்கிறது, மீள் சிதறல் மட்டும். அங்கே ஆயவெளியில், மிகைக்கோளச் சார்புகளை அடிப்படையாக வைத்துக் கோன் மாறுபாட்டு முறையில் தீர்த்தால், எல்லை நிபந்தனையில் கூலூம் சார்புகளையே நேரடியாகப் போட்டுவிடலாம். திரையும் இல்லை, திரிபும் இல்லை. பீசா குழுவின் வழி இது. 2005இல் அவர்களும் மேலே சொன்ன டெல்டுவாவின் லிஸ்பன் குழுவும் ஒரே விசை மாதிரியோடு 3, 10, 65 எம்இவியில் மீள் சிதறலை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு வழிகளும் நன்றாக ஒத்துப்போயின. நெய்தல், உங்கள் 10 எம்இவி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

நட்சத்திரங்களுக்குள் நடக்கும் புரோட்டான்–டியூட்ரான் இணைவு போல, நிறைமையத்தில் 50 கெவி அளவுக்கு இறங்கினால் அலையெண்ணின் தலைகீழே 25 ஃபெர்மி. அங்கே திரைமறைப்பு பொருத்தமான கருவியே அல்ல.

உடைவு வாசலுக்கு மேலும் ஆயவெளியிலேயே நிற்க விரும்புகிறவர்களுக்கு மெர்குரியெவ் வழி உண்டு: ஒவ்வொரு இணையின் கூலூமையும் ஒரு மென்மையான வெட்டுச் சார்பால் இரண்டாகப் பிரிப்பது. அந்த இணை நெருங்கியும் மூன்றாவது துகள் விலகியும் இருக்கும் பகுதியில் உள்ள பங்கு அந்த இணையின் ஃபதேயெவ் கூறுக்கு (அலைச்சார்பில் அந்த இணைக்கு உரிய பகுதி) போகும். மிச்சம் எல்லாச் சமன்பாடுகளிலும் பொதுவாக இருக்கும். வெட்டுச் சார்பில், இணைத் தொலைவின் அடுக்கு 2ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்ததன் பயனே போய்விடும்.

---

சுழல்கோணம்

3ஆம் கேள்விக்கு: கொண்டுபோக முடியாது. எலக்ட்ரான்–ஹைட்ரஜன் அயனியாக்கத்தில் வெளியேறும் மூன்றுமே மின்னூட்டமுள்ளவை. மூன்று இணைகளின் கட்டங்களும் ஒன்றோடொன்று பின்னியவை. ஓர் உந்தத்தை மட்டும் சார்ந்த எளிய திருத்தக் காரணி இல்லை. அளவிலும் பிரச்சினை பெரிது. மோதும் ஆற்றல் 17.6 இவி என்றால் 13.6 போக 4 இவி மிஞ்சும். இரு எலக்ட்ரான்களும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 2 இவி, அணு அலகில் அலையெண் 0.383. புரோட்டானோடு சோமர்ஃபெல்ட் எண் −2.6. உங்கள் 0.05ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே கைகொடுத்தது வெளிப்புறக் கலப்பெண் சுழற்சி. இரு ஆரங்களையும் ஒரு குறிப்பிட்ட எல்லை வரை மெய்யாக வைத்து, அதற்கப்பால் கலப்பெண் தளத்தில் ஒரு கோணத்துக்குத் திருப்புவது. வெளியேறும் அலை திருப்பிய பகுதியில் அடுக்கேற்றமாகத் தேய்ந்து மறையும். மூன்றுதுகள் எல்லை நிபந்தனையின் வடிவம் என்னவென்று தெரியவே வேண்டாம், ஓரத்தில் சுழி என்று போட்டால் போதும். ரெசிக்னோ, பேர்ட்ஷி, ஐசக்ஸ், மெக்கர்டி 1999இல் மூன்று மின்துகள் உடைவை முழுமையாகக் கணித்தது இந்த வழியில்.

சுழற்சிக் கோணம் 30 டிகிரி சுற்றி வைத்து, 25க்கும் 40க்கும் இடையே மாற்றினால் விடை அசையக் கூடாது. அசைந்தால் வலை போதவில்லை. மெய்ப்பகுதி எல்லை இந்த ஆற்றல்களில் நூறு போர் ஆரத்துக்கு மேல் வேண்டியிருக்கும். எல்லைப் புள்ளி, வரம்புள்ள உறுப்புகளின் (வலைத் துண்டுகளின்) சந்தியில் மிகச் சரியாக விழ வேண்டும். அலைச்சார்பின் வகைக்கெழு அங்கே முறிகிறது. உறுப்பின் நடுவில் அந்த முறிவைப் பல்லுறுப்புக் கோவை தாங்காது. சுழற்றிய பகுதியின் நீளத்தை மெதுவான எலக்ட்ரானை வைத்து முடிவுசெய்யுங்கள்: அலையெண் 0.2, கோணம் 30 என்றால் 100 போர் ஆரத்தில்தான் அலை 22,000இல் ஒரு பங்காகத் தேயும். 25இல் நிறுத்தினால் ஓரத்தில் இன்னும் 8 விழுக்காடு எஞ்சியிருக்கும், அது எதிரொளித்துத் திரும்பி வந்து உள்ளே கெடுக்கும்.

மிகப் பொதுவான நிரல் பிழை: உட்பெருக்கத்தில் இணைக் கலப்பெண் எடுப்பது. சுழற்றியபின் ஹாமில்டன் அணி சமச்சீர் கொண்டது, ஹெர்மிஷியன் அல்ல. ஆகவே இணைக் கலப்பெண் கூடாது. நூலகத்தின் இயல்பான உட்பெருக்கச் சார்பைக் கூப்பிட்டால் அதுவே சத்தமில்லாமல் எடுத்துவிடும்.

இரண்டாவது: உள்வரும் அலை. அது சுழற்றிய பகுதியில் அடுக்கேற்றமாக வெடிக்கும். அதனால் முழு அலைச்சார்புக்கு அல்லாமல் சிதறிய பகுதிக்கு மட்டும் சமன்பாடு எழுதி, வலப்புற மூல உறுப்பை மெய்ப்பகுதி எல்லையில் வெட்டிவிட வேண்டும்.

மூன்றாவது: எலக்ட்ரான்–எலக்ட்ரான் விலக்கு. அதன் ஒவ்வொரு பன்முனை உறுப்பிலும் சிறிய ஆரம், பெரிய ஆரம் என்ற மடிப்பு இருப்பதால் காஸ் புள்ளிகளில் நேரடியாகத் தொகையிட்டால் துல்லியம் போய்விடும். அதே வலையில் பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்து அணி உறுப்புகளை எடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: ஒரு ஆரத்துக்கு 150 சார்புகள் என்றால் ஒரு கோண உந்த இணைக்கு 22,500 மாறிகள். 20 இணைகள் பிணைந்தால் 4,50,000, எல்லாம் கலப்பெண்கள். ஐதான அணிதான், ஆனாலும் நேரடித் தீர்வுக்கு நினைவகம் விழுங்கும். ஒவ்வொரு இணையின் மூலைவிட்டப் பகுதியை முன்சீராக்கியாக வைத்து, படிப்படியாக நெருங்கும் தீர்வு எடுப்பது நடைமுறை.

இனி அயனியாக்க வீச்சைப் பிரித்தெடுப்பது. மெய்ப்பகுதி எல்லையில் பரப்புத் தொகையீடு. சோதனைச் சார்புகளாக இரு எலக்ட்ரான்களுக்கும் மின்னூட்டம் 1 கொண்ட கூலூம் சார்புகள். ஏன் 1? தீர்த்த அலைச்சார்பில் அயனியாக்கம் மட்டுமல்ல, ஓர் எலக்ட்ரான் ஹைட்ரஜனில் பிணைந்தே இருக்கும் கிளர்ச்சி வழிகளும் எல்லையை எட்டுகின்றன. மின்னூட்டம் 1 உள்ள தொடர்நிலைச் சார்புகள் ஹைட்ரஜனின் பிணைநிலைகளுக்குச் செங்குத்து. அந்தக் கலப்படத்தை அவை தானாகவே ஒதுக்கும். இறுதி நிலைக்கு 'மேம்பட்ட' மின்னூட்டம் என்று வேறு எண் வைத்தால், எல்லையை நகர்த்த நகர்த்த வீச்சு அலையும். மின்னூட்டம் 1இல் வீச்சின் கட்டம் மட்டும் எல்லையின் மடக்கையோடு ஓடும், பருமன் நிற்கும். குறுக்குவெட்டுப் பரப்புக்குப் பருமன் போதும். உங்கள் 2 டிகிரியின் உறவுக்காரன்தான் இது, இங்கே அதை நீக்க வேண்டியதே இல்லை.

முழுப் பிரச்சினைக்குள் குதிக்கும் முன் டெம்கின்–போயெட் மாதிரியில் பழகுங்கள்: எல்லாக் கோண உந்தமும் சுழி, எலக்ட்ரான் விலக்கு என்பது பெரிய ஆரத்தின் தலைகீழ். இரு பரிமாணத்தில் ஒரே ஒரு சமன்பாடு. மேசைக் கணினியிலேயே ஓடும். முச்சுழல் நிலையில் (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே திசை) இரு எலக்ட்ரான்களும் ஆற்றலைச் சமமாகப் பகிரும் இடத்தில் விடை சுழியாக வேண்டும், அது இலவசச் சோதனை. ஒற்றைச் சுழல் நிலைதான் கடினம். பிரேயும் ஸ்டெல்போவிக்ஸும் 1992இல் கொண்டுவந்த ஒருங்கும் நெருக்கப் பிணைப்பு முறையில் இந்த மாதிரியை ஓட்டினால், ஆற்றல் பகிர்வில் அலைவுகள் தெரியும். மொத்தக் குறுக்குவெட்டு மட்டும் நன்றாக நிற்கும். மொத்தம் சரியாக வந்ததை வைத்துப் பகிர்வும் சரி என்று எடுத்துவிடாதீர்கள். பரப்புத் தொகையீட்டின் முறையான அடித்தளத்தை கதிரோவ், முகமெத்ஜானோவ், ஸ்டெல்போவிக்ஸ், பிரே 2009இல் எழுதினார்கள்.

பகிர்வின் இரு ஓரங்களை, அதாவது ஓர் எலக்ட்ரான் ஏறக்குறைய ஓய்வில் நிற்கும் இடத்தை, நம்ப வேண்டாம். அந்த எலக்ட்ரானும் உயர் கிளர்ச்சி நிலையில் பிணைந்த எலக்ட்ரானும் நூறு போர் ஆரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வாசலை ஒட்டிய ஆற்றல்களுக்கும் இதே கதி. வாசலருகே அயனியாக்கம் ஏறும் விதத்துக்கு வானியர் 1953இல் சொன்ன 1.127 அடுக்கைச் சிறு பெட்டியில் தேடிப் பயனில்லை.

---

நெய்தல்

சுழற்றிய வலையில் ஒருமைத்தன்மை (மொத்த நிகழ்தகவு மாறாமை) தானாகக் காக்கப்படாது அல்லவா? எதை வைத்துச் சரிபார்ப்பது?

---

சுழல்கோணம்

காக்கப்படாது, அதனாலேயே நல்ல சோதனை. ஒளியியல் தேற்றத்தால், முன்திசை மீள் வீச்சின் கற்பனைப் பகுதியிலிருந்து மொத்தக் குறுக்குவெட்டு. மறுபக்கம் மீள் சிதறல், ஒவ்வொரு கிளர்ச்சி வழி, அயனியாக்கம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணித்துக் கூட்டுங்கள். பகுதி அலை ஒவ்வொன்றிலும் தனியாக ஒப்பிடுங்கள், கூட்டியபின் அல்ல. பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். கிளர்ச்சி வழிகளில் எட்டாம் ஒன்பதாம் நிலைகள் பெட்டிக்குள் அடங்காததால் கூட்டல் பக்கம் சற்றுக் குறைவாகவே வரும். எல்லையை நகர்த்தினால் அந்தக் குறை சுருங்க வேண்டும். சுருங்காமல் அப்படியே நின்றால் இணைக் கலப்பெண்ணைத் தேடுங்கள்.